வரிசை எண் முப்பத்தொன்று: தகவல் இல்லை

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் போடும். அதில் ‘இப்போது எங்கே?’ என்று ஒரு பகுதி. யார் என்ன வேலையில் இருக்கிறார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று ஆளுக்கு நாலு வரி. இதைச் சேகரிக்கும் வேலை ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஏமாளியின் தலையில் வந்து விழும். 1994இல் பிளஸ் டூ முடித்த எங்கள் வகுப்பின் ஏமாளி நான். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, தமிழ் டைப்பிங் தெரியும், யார் என்ன சொன்னாலும் முடியாது என்று சொல்ல வராது. இந்த ஆல்வினை விட்டால் அவர்களுக்கு வேறு யார் கிடைப்பார்கள்?

பதினாலு வருடமாகச் செய்கிறேன். நாற்பத்து மூன்று பேருக்கும் போன் போட வேண்டும். துபாயில் இருப்பவன் ‘அப்புறம் அனுப்பறேன் மச்சி’ என்பான். அந்த அப்புறம் வருவதற்குள் மலரே வந்துவிடும். பெங்களூரில் இருப்பவனிடம் நாலு வரி கேட்டால் நாலு பக்கம் அனுப்பிவிட்டு, புதுக் காரின் படத்தையும் போடச் சொல்வான். அலுத்துவிட்டது. விட்டுத் தொலைக்கலாம் என்று வருடா வருடம் நினைக்கிறேன், வருடா வருடம் போனை எடுக்கிறேன்.

இதில் நான் செய்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தோலை நம்பித்தான் பிழைக்கிறார்கள். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, இதைத் தாண்டிப் போனவர்கள் கம்மி. ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருப்பவனை ‘உற்பத்தி மேலாளர்’ என்று போடுவேன். பேக்கிங்கில் பெட்டி ஒட்டுகிறவன் ‘ஏற்றுமதிப் பிரிவு’. முதல் வருடமே சங்கத் தலைவர் கூப்பிட்டு, “படிக்கிறவங்களுக்குப் பெருமையா இருக்கணும் தம்பி” என்று சொல்லியிருந்தார். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பதினாலு மலரில் ‘தொழிலாளி’ என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை. என்னையே நான் ‘அச்சுத் துறைத் தொழிலதிபர்’ என்றுதான் போட்டுக்கொள்கிறேன். கடையில் இருப்பது இரண்டு ஜெராக்ஸ் மெஷின். அதில் ஒன்று கொரோனா வருடத்தில் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்த வரிசையில் முப்பத்தொன்றாம் எண் செல்வகுமார். பன்னிரண்டு வருடமாக அவன் பெயருக்கு நேரே ‘தகவல் இல்லை’ என்று அடிக்கிறேன். அவன் வீடு என் கடையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்கு என் கடை வாசலைத் தாண்டித்தான் சைக்கிளில் போகிறான்.

பள்ளியில் மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். அவன் அப்பா தோல் பதனிடும் டேனரியில் டிரம் வேலை செய்தார். வீடு உயரத்துக்கு நிற்கும் மர டிரம்மில் தோலையும் மருந்தையும் போட்டுச் சுற்றவிட்டு, ஊறியதும் வெளியே இழுத்துப் போட வேண்டும். மகன் மார்க்கைப் பார்த்துப் பள்ளியில் பாதி ஃபீஸ் தள்ளிக் கொடுத்தார்கள். நான் கணக்கில் பாஸானதே அவன் நோட்டைப் பார்த்துத்தான். பிளஸ் டூ முடித்ததும் அவனுக்கு என்ஜினியரிங் சீட் கிடைத்தது. அதே மாதம் ஈரத் தோலோடு வழுக்கி விழுந்து அப்பாவுக்கு முதுகு போயிற்று. பின்னால் இரண்டு தங்கைகள். “பையனை அனுப்பு, அந்த எடத்துலயே சேத்துக்கறேன்” என்றார் முதலாளி. ஆறு மாதம்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். முப்பது வருடம் ஆகிறது. தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தான், பாரதியைக் கட்டினான். பாரதி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். ஒரே மகள் நிஷா, வேலூரில் பி.எஸ்சி. கணக்குப் படிக்கிறாள்.

2011இல் படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது பதவி என்ற கட்டத்தை அவன் காலியாக விட்டிருந்தான். வேலை செய்யும் இடம் என்பதில் ‘வெட் புளூ செக்‌ஷன்’ என்று மட்டும் இருந்தது. மருந்தில் ஊறி நீலமாக வரும் ஈரத் தோலுக்கு இங்கே அதுதான் பெயர். கட்டம் காலியாக இருக்கிறதே என்று நான் ‘வெட் புளூ பிரிவுத் தலைவர்’ என்று அடித்தேன். சத்தியமாகப் பாசத்தில்தான் அடித்தேன். வகுப்பிலேயே கெட்டிக்காரன், அவன் தலைவராக இல்லாவிட்டால் வேறு யார் இருப்பது?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. அடுத்த வருடம் எங்கள் வகுப்பு நிசார் அஹமது ஜெர்மனியிலிருந்து வந்தான். தோல் வாங்கும் கம்பெனி ஒன்றுக்கு அங்கே அவன் ஏஜென்ட். மலரைப் பார்த்திருக்கிறான். நம்ம தோஸ்தே ஹெட்டாக இருக்கும்போது வேறு இடம் எதற்கு என்று, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வெள்ளைக்காரரையும் கூட்டிக்கொண்டு டேனரி கேட்டில் போய் நின்று, “வெட் புளூ ஹெட் செல்வகுமார் சாரைப் பாக்கணும்” என்றிருக்கிறான். வாட்ச்மேன் முதலாளிக்குப் போன் செய்தான். முதலாளி, நிஜமான ஹெட் சர்தார் பாஷா, வெள்ளைக்காரர், நிசார் எல்லாரும் சேர்ந்து உள்ளே போய்ப் பார்த்தபோது, செல்வா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு டிரம் வாயிலிருந்து தோலை இழுத்துக்கொண்டிருந்தான். நிசார் நல்லவன்தான். என்ன செய்வது என்று தெரியாமல் தன் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினான். செல்வா வாங்கியதும் அந்தக் கார்டு நீலமாகிவிட்டது. “நீ எப்பய்யா ஹெட்டு ஆன?” என்று முதலாளி எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

அன்றிலிருந்து டேனரியில் அவன் பெயர் ஹெட்டு. “ஹெட்டு, இந்தப் பக்கம் புடி.” “ஹெட்டுக்கு ஒரு டீ சொல்லு.” சர்தார் பாஷா சிரிக்கவில்லை. தன் நாற்காலிக்கு இவன் அடி போடுகிறான் என்று எடுத்துக்கொண்டு, தோலிலிருந்து முடி கழிக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றிவிட்டார். மூன்று வருடம். அப்போது ஒரு நாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தான். விரல் நுனியெல்லாம் வெடித்து, அட்டையை விரலால் எடுக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என் பேருல இனிமே ஒண்ணும் போடாத ஆல்வினு. தகவல் இல்லைன்னு போட்டுடு” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். திட்டாமல் போனான், அது இன்றைக்கும் வலிக்கிறது.

இந்த வருடம் எங்கள் வகுப்புக்கு முப்பதாம் ஆண்டு. சங்கத்தில் புதிதாக ஒரு விதி போட்டார்கள். தொடர்ந்து தகவல் இல்லாத பெயர்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது, விழாவில் வரிசை எண் சொல்லிக் கூப்பிடும்போது அவர்களைக் கூப்பிடாமல் விடுவது. முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு என்று மைக்கில் என் வாயால் படிக்க எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“எடுத்தா எடுத்துட்டுப் போட்டும். அதனால இன்னா இப்போ?”

“நாலு வரி குடுடா. நீ சொல்றத அப்பிடியே போடறேன்.”

“வாணாம் ஆல்வினு. ஒரு தபா போட்டதே போதும். மறுபடியும் பேஜார் பண்ணாத.”

அதற்குள் நிஷா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். “இன்னா லிஸ்ட்டு மாமா?” என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “எங்க பிளஸ் டூ பேட்ச் லிஸ்ட்டும்மா. உங்கப்பாதான் கணக்குல ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு” என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, நீ டென்த்துன்னுதானே சொல்லுவ? நீயும் மாமா ஸ்கூல்லயா படிச்ச?”

செல்வா செயினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “படிச்சேன். இப்ப அதுக்கு இன்னா?” என்றான். நிஷா உள்ளே போய்விட்டாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். இத்தனை படித்துவிட்டு ஏனப்பா இந்த வேலை என்று மகள் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் இரண்டு வகுப்பை மறைத்திருக்கிறான் என்பது எனக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. ஊரெல்லாம் பதவியைக் கூட்டச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். இவன் படிப்பைக் குறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறான்.

மறுநாள் ஆறேகாலுக்கு சைக்கிள் கடை வாசலில் நின்றது. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“நிஷா ராத்திரி சாப்புடல. பழைய சர்ட்டிபிகேட்டு எங்கன்னு கேட்டுது. செல்லரிச்சுப் பூட்டுது, எங்கருந்து காட்டுவேன்?” என்றான். கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினான். “சரி, எழுது. அந்த பொஸ்தகத்துல வந்தா அது படிக்கும். நான் சொல்றத மட்டும் அடி. ஜாஸ்தி ஒரு எழுத்து வரக் கூடாது.”

அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். செல்வகுமார். தோல் தொழிலாளி, முப்பது வருடம். டிரம் வேலை. ஆம்பூர். மனைவி பாரதி, ஷூ கம்பெனி. மகள் நிஷா, கல்லூரி மாணவி.

‘தொழிலாளி’ என்று அடிக்கும்போது என் விரல் நின்றது. தலைவர் கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும்.

“ஒன்னுது இன்னா போட்டுருக்க?” என்றான்.

படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. துணி போட்டு மூடியிருந்த பழைய மெஷினை ஒரு தடவை பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ‘அச்சுத் துறைத் தொழிலதிபர்’ என்பதை அழித்துவிட்டு ‘ஜெராக்ஸ் கடை’ என்று போட்டேன்.

பிறகு அவன் பகுதியின் கீழே, அவனைக் கேட்காமலே, என் ஞாபகத்திலிருந்து ஒரு வரி சேர்த்தேன்: ‘பிளஸ் டூ கணக்கில் 198 மதிப்பெண் பெற்றுப் பள்ளியில் முதலிடம்.’ பிரின்ட் எடுத்து நீட்டிவிட்டு, “இது பொய் இல்லடா செல்வா. இத மட்டும் எடுக்கச் சொல்லாத” என்றேன்.

வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தான். கிழித்துப் போடப் போகிறான் என்று நினைத்தேன். என் மேசையிலிருந்து பேனாவை எடுத்தான். விரல்கள் சரியாக மடங்காததால் முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு, 198ஐ அடித்துவிட்டு மேலே 200 என்று எழுதினான்.

“எரநூறு. அதுல கம்மி பண்ணாத” என்றான்.

கம்ப்யூட்டரில் மாற்றினேன். ஸ்கிரீனில் 200 வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தான்.