அண்ணியின் மொட்டையும் மீனம்பாக்கம் கவுண்டரும்

முதலில் வந்தது சந்தன வாசனை...

மெட்ராஸ் மீனம்பாக்கம் ஏர்போர்ட். செக்-இன் கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூக்கு பினாயில் வாசனைக்குப் பழகியிருந்தது. இங்கே ஏது சந்தனம் என்று நிமிர்ந்தால், முக்காடு போட்ட ஓர் அம்மா நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி அப்டி பாக்கற? நான்தான்."

முக்காடு நழுவியது. என் அண்ணி. மழமழவென்று மொட்டை!

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதும் தெரியும், அந்த வாரத்தோடு விசா முடிவதும் தெரியும். இந்த ப்ளேனை விட்டால் அவ்வளவுதான். ஆனால் மொட்டை? பாஸ்போர்ட்டைத் திறந்தால் போட்டோவில் வகிடெடுத்து, தோள் வழியாக முன்னால் இழுத்துப் போட்ட சடை...

"என்ன அண்ணி இது?"

"விசா வந்தா முடி குடுக்கறன்னு திருப்பதி ஏடுகொண்டலவாடுகிட்ட வேண்டிக்கினேன். வந்துட்சி. குடுக்காம எப்டி போறது? நேத்து மலைக்குப் போயி நானும் புள்ளயும் குட்த்துட்டு, அப்டியே பஸ் ஏறி வந்துக்கினே கீறோம்."

எங்கள் பக்கத்தில் நல்லது நடந்தால் முதலில் மொட்டை, மற்றதெல்லாம் அப்புறம். பாஸ்போர்ட்டில் ஒரு போட்டோ இருக்கிறதே என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை!

விசிட்டர் டிக்கெட் வாங்கி உள்ளே வந்திருந்த அண்ணன் தூரத்தில் நின்றான். இடுப்பில் மூன்று வயது மகன். அவனுக்கும் குட்டி மொட்டை.

அப்போதெல்லாம் போர்டிங் பாஸ் கையால்தான் எழுதுவோம். மொட்டையைப் பார்த்துக்கொண்டே எழுதியதில் அண்ணி பெயரே கோணிக்கொண்டது. பக்கத்துக் கவுண்டரில் சொல்லிவிட்டு அண்ணி பின்னாலேயே ஓடினேன்.

பயந்தது அப்படியே நடந்தது. இமிகிரேஷன் ஆபீசர் போட்டோவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடி போட்டோ.

"யார் பாஸ்போர்ட்ல யாரும்மா போறீங்க?"

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. "நான்தான் சார்... சாமிக்குக் குட்த்தது சார். தப்பா சார்?"



அந்த மனுஷர் போட்டோவில் இருந்த கூந்தலின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். நெற்றி, கண், மேலுதட்டு மச்சம்... அதை மட்டும் பார்த்தார். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். டப்பென்று சீல் விழுந்தது.

"போய்ட்டு வாங்கம்மா."

அண்ணி திரும்பி வர ஐந்தாறு வருஷம் ஆனது. அரைவல் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இடுப்பு வரை முடி வளர்ந்து, டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பையன் அண்ணன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"இது எங்கம்மா இல்ல நைனா. எங்கம்மா மொட்ட."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையில் இறங்கிய அன்று திருப்பதி ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருந்தது. தாயும் பிள்ளையுமாக இரண்டு மொட்டை. குரல் எஸ்டிடி பூத்தில் கேட்கும். முகம் என்றால் அவனுக்கு அந்தப் படம்தான்.

அண்ணி அழவில்லை. அப்படியே தரையில் குந்தினார். முடியெல்லாம் உள்ளே திணித்து, முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டார்.

"இப்பப் பார்றா கண்ணு... யாரு நானு?"

ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக வந்து அந்த மச்சத்தைத் தொட்டான். அத்தனை பேர் நடுவில் யூனிபார்மோடு நின்று நான் தேம்பித் தேம்பி அழுதேன், வெட்கமே இல்லாமல்.

அந்தப் பையன் போன மாதம் வேலைக்கு ஜெர்மனி கிளம்பினான். வேலையை விட்டு வெகுநாள் ஆன நானும் வழியனுப்பப் போனேன். ஏர்போர்ட்டா அது! எங்கு பார்த்தாலும் கண்ணாடி. சடசடவென்று எழுத்து புரளும் அந்த போர்டைக் காணோம். எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து போன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"இமிகிரேஷன்ல கேமராவப் பாத்தேம்மா. கதவு தொறந்துட்சி."

"இன்னாடா சொல்ற? மூஞ்சிய யாரும் பாக்கலயா?"

"இல்லம்மா."

எனக்கு நம்பவே முடியவில்லை. அவ்வளவுதானா?

அவன் குரல் மாறியது.

"ம்மா... உள்ள வரச்சொல்ல திரும்பிப் பாத்தேன். கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னுக்கினு இருந்த. நம்ம வூட்டு போட்டோல கீற மாதிரியே கீற."

அண்ணி தலையைத் தடவிக்கொண்டார். அவன் விசாவுக்காக முந்தின நாள்தான் மலைக்குப் போய் முடி கொடுத்திருந்தார். சந்தனம் இன்னும் காயவில்லை.