மூப்பர் போடாத கையெழுத்து

கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

1983 செப்டம்பர். என் வாடகை வீட்டில் நான்கு பேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். என் பெரியம்மா மகள் கிரேஸ் அக்கா, அத்தான், இரண்டு பெண் பிள்ளைகள். ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தியபோது இவர்கள் வீடும் போயிற்று. உடுத்த துணியோடு மலேசியாவில் பினாங்குக்கு வந்து சேர்ந்தார்கள். தங்கும் அனுமதி முடியப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அதை நீட்டிக்கச் சொந்த வீடுள்ள குடிமகன் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்று குடிநுழைவு இலாகாவில் சொல்லிவிட்டார்கள். நான் வக்கீல் அலுவலகத்துத் தட்டச்சுக்காரி. என் கையெழுத்து அங்கே செல்லாது.

"திருப்பி அனுப்பினால் நான் அங்க உயிரோட இருக்கமாட்டன், தங்கச்சி," என்றாள் அக்கா. அழாமல் சொன்னாள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். எங்கள் சபை மூப்பருக்கு இங்கே ஜார்ஜ் டவுனில் மூன்று வீடுகள். இலங்கைக்காக அரைமணி நேரம் கதறி ஜெபித்தார். கைக்குட்டை நனைந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் படிவத்தை நீட்டினேன். கண்ணீர் நின்ற வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், இது கவர்மென்ட் விஷயம்லா. நாம ஜெபிப்போம். ஆண்டவர் வழி திறப்பாரு."

அவர் மனைவி என்னிடம் பிஸ்கட் தட்டை நீட்டினார்.

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் எங்கள் மாமாவிடம் போனேன். "அங்க இவங்க என்ன வம்பு பண்ணினாங்களோ, யாருக்குத் தெரியும்?" என்றார். அவருடைய அப்பாவும் இவர்கள் பூர்வீகமான அதே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்தவர்தான். மாமாவுக்கு அது மறந்து போயிற்று. சொந்த வீடு கட்டினால் சிலருக்கு அப்படி ஆகிவிடும்போல.

மறுநாள் காலை முழங்காலில் நின்றேன். பக்தியோடு அல்ல, கோபத்தோடு. "ஆண்டவரே, உம்முடைய ஜனங்கள் இவ்வளவுதானா?" என்று கேட்டேன். வேறு ஜெபம் வரவில்லை.

அன்று மிஸ் ரேச்சல் அலுவலகத்துக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய யூதப் பெண்மணி. பினாங்கிலேயே பிறந்தவர். அவர் ஜனத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இங்கே மிச்சம். யூதர் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டச் சொல்லி மாதாமாதம் நகராட்சிக்குக் கடிதம் எழுதச் செய்வார். புல்லுக்கு வக்கீல் வைத்த கிழவி என்று நாங்கள் சிரிப்போம். அதிகம் சிரித்தவள் நான். மூப்பரைவிட நான் ஒன்றும் உசத்தியில்லை.

அவருடைய கடிதத்தை மூன்றுதரம் தப்பாக அடித்தேன். என்ன விஷயம் என்று மலாய் மொழியில் கேட்டார். நம்பிக்கை வைத்துச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னேன்.

கேட்டுவிட்டு என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார். போருக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள் கப்பல் கப்பலாக வந்தார்களாம். இங்கே ஒருவர் பொறுப்பேற்றால்தான் கரையில் இறங்க முடியும். இங்கிருந்த சில யூதக் குடும்பங்கள் ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்துக்கு ஓடின. இவருடைய அப்பாவும் போய்க் கையெழுத்திட்டு ஆட்களை வீட்டுக்கு அழைத்து வருவாராம். பதினாறு வயதில் இவர் தன் அறையைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறார். ஒரு டாக்டரின் மனைவி இரண்டு வாரம் சப்பாத்தைக் கழற்றாமலே தூங்கினாராம், மறுபடி ஓட வேண்டியிருக்கும் என்று.

"அவங்கல்லாம் உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. அதையெல்லாம் விசாரிக்க அப்பாவுக்கு ஏது நேரம்? எங்கே உன் படிவம்?"

மறுநாள் எங்களோடு குடிநுழைவு இலாகாவுக்கு வந்து மூன்று மணி நேரம் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார். இவர்கள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டார். "என் விருந்தாளிகள்," என்றார். ஆறு மாதம் கிடைத்தது. அது முடிவதற்குள் ஆஸ்திரேலியாவில் அத்தானுக்கு வழி பிறந்தது. இன்று அக்கா பேரப்பிள்ளை பார்த்துவிட்டாள்.

அந்த ஞாயிறு, நம் ஜெபம் கேட்கப்பட்டது என்று மூப்பர் சபையில் அறிவித்தார். நம் ஜெபமாம்! நான் எழுந்து, கையெழுத்திட்டது யார், மறுத்தது யார் என்று சொன்னேன். வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இருந்தாலும் சிஸ்டர், அவங்க கிறிஸ்துவை ஏத்துக்காதவங்கதானே?"

"கிறிஸ்துவே அவங்க ஆளுதான், அண்ணே."

அடுத்து வந்தவருக்குக் கைகொடுக்கத் திரும்பிவிட்டார்.

பிற்பாடு எனக்கும் சொந்தமாக ஒரு சின்ன அடுக்குமாடி வீடு அமைந்தது. எனக்கு முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். பயந்துகொண்டேதான் ஏற்றேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. மிஸ் ரேச்சல் சாகும்வரை அவருடைய கடிதங்களைச் சிரிக்காமல், ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். ஆண்டவருக்கு நான் செலுத்திய நன்றி அது.

பிரியமானவர்களே, அவர் ஜெபத்தைக் கேட்கிறார். என் மரியாதை கெட்ட ஜெபத்தையே கேட்டார், உங்களுடையதைக் கேட்கமாட்டாரா? நம்பிக் கேளுங்கள். ஆனால் இன்னொருவருடைய ஜெபத்துக்குப் பதிலாக அவர் உங்களை அனுப்பும் நாளும் வரும். அப்போதாவது தயவுசெய்து ஜெபிக்கப் போய்விடாதீர்கள்.