இத்தாலிக் கடைக்கு எருமையோடு போன பொன்னி அக்கா

எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் யாரையாவது ‘எருமை’ என்று திட்ட வேண்டுமானால் பொன்னி அக்காவின் காதில் விழாமல் திட்ட வேண்டும். விழுந்துவிட்டால் திட்டியவர் தொலைந்தார். “எருமை ஒன்ன இன்னா பண்ணுச்சு? விடிகாலையில எழுந்துக்குது, ரெண்டு வேளை பால் குடுக்குது, யாரைப் பத்தியும் பொறணி பேசல. ஒம் புள்ளையத் திட்டணும்னா அவன் பேரைச் சொல்லித் திட்டு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிடுவார். நான் அவர் வீட்டுக்கு மூன்றாவது வீடு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலத்தில் என் அம்மாவே என்னைக் குரலைத் தாழ்த்தித்தான் எருமை என்று திட்டினார்.

தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவர். வரும்போது கூடவே ஒரு எருமையும் வந்தது. இப்போது நாலு. கணவர் சகாதேவன் கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுகிறார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மிச்சத்தை எல்லாம் அக்கா பேசிவிடுவதால் அந்த வீட்டில் கணக்கு சரியாகிவிடும். மகள் கவிநிலா வேலூரில் நர்ஸிங் படிக்கிறாள். அவள் சம்பாதித்து அனுப்பினால் எருமைகளை விற்றுவிடுவாயா என்று யாரோ கேட்டதற்கு, “ஏன், அவளை வித்துட்டு இன்னொரு எருமை வாங்கலாமான்னு கேளேன்” என்றார்.

பொன்னி அக்காவுக்கு நிலம் இல்லை, நகை அவ்வளவாக இல்லை. இருப்பது பேர் மட்டும்தான். பௌர்ணமி வந்தால் பாதை முழுக்க டீக்கடை முளைக்கும். இன்னும் ரெண்டு லிட்டர், இன்னும் ஒரு லிட்டர் என்று கடைக்காரர்கள் வாசலில் வந்து கெஞ்சுவார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கலந்தால் போதும், எல்லோருக்கும் பால் கிடைத்துவிடும். அக்கா கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, “தீந்துபோச்சு, நாளைக்கு வா” என்பார். பொன்னி பால் என்றால் பால். ஊரில் அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இப்படிப்பட்டவரை ஒரு வம்பில் மாட்டிவிட்டது நான்தான். என் பெயர் வளவன், எலக்ட்ரீஷியன். செங்கம் சாலையில், ரமணாசிரமம் தாண்டி, பழைய மணிலாக் கொட்டை குடோன் ஒன்றை எடுத்து இத்தாலிச் சாப்பாட்டுக் கூடமும் சந்தையுமாக மாற்றினார்கள். மூன்று மாதம் வயரிங் வேலை எனக்கு. முதலாளி மார்த்தா அம்மா இத்தாலிக்காரர். நம் ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. தமிழ் பேசுவார், தப்பாக, ஆனால் கூச்சமில்லாமல். மேனேஜர் அருள்ராஜ் டவுன்காரர், ஓட்டல் படிப்பு படித்தவர். சட்டைக் கை மடிப்பில்கூட ஒழுங்கு இருக்கும்.

ஒரு நாள் மார்த்தா அம்மா, தன் ஊரில் சீஸ் எருமைப் பாலில்தான் செய்வார்கள், இங்கே நல்ல எருமைப் பால் கிடைக்குமா என்று கேட்டார். நான் ஏணி மேல் நின்றபடியே பொன்னி அக்கா பேரைச் சொன்னேன். முதல் நாள் பால் போனது. மார்த்தா அம்மா சீஸ் செய்து பார்த்துவிட்டு, “வளவன், எங்க ஊர் பால் மாதிரி” என்றார். தினமும் பத்து லிட்டர் என்று பேச்சானது. அன்றைக்கே மார்த்தா அம்மா, துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருந்த சாமான்களை எடுக்க சென்னைக்குக் கிளம்பிவிட்டார். திறப்பு விழாவுக்குத்தான் திரும்புவார், அதுவரை சீஸ் வேலை அருள்ராஜ் பொறுப்பு.

அதற்கப்புறம் நாலு நாள் அந்தப் பால் உறையவே இல்லை. உறைய வைக்கிற மருந்தைப் போட்டால் தயிருமில்லாமல் பாலுமில்லாமல் கஞ்சியாக நின்றது. ஐந்தாம் நாள் காலை அருள்ராஜ் ஸ்கூட்டரில் அடி அண்ணாமலைக்கே வந்துவிட்டார். ராஜம்மாள் டீக்கடை வாசலில்தான் பால் கேன்களை ஆட்டோவில் ஏற்றுவோம். அங்கே ஒன்பது பேர் டீ கிளாஸோடு நின்றிருந்தார்கள்.

“அக்கா, இனிமே பால் வேணாம்.”

“ஏன் சார்?”

“ஒறைய மாட்டேங்குது. பால்ல ஏதோ கலந்திருக்கு.”

“லாக்டோமீட்டர் போட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். தண்ணி இல்ல. மாவோ, சோடாவோ, இன்னா கலந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் கடை திறக்கணும். கலப்படப் பாலை வச்சுக்கிட்டு நான் இன்னா பண்றது?”

அவர் போய்விட்டார்.  வெளியில் பார்த்தால் பொன்னி அக்கா எருமை மேல் மழை பெய்த மாதிரிதான் நின்றார். ஆனால் இறுக மூடியிருந்த கேன் மூடியையே மறுபடி மறுபடி திருகிக்கொண்டிருந்தார்.  கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் திறப்பு விழா. வாசலில் வாழை மரம், உள்ளே ஸ்பீக்கரில் இத்தாலிப் பாட்டு. எனக்கு நிற்க நேரமில்லை, மெயின் போர்டு பக்கத்திலேயே காவல். மதியம்தான் வந்து சேர்ந்த மார்த்தா அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பாக்கெட் பாலில் முயன்று பார்த்திருக்கிறார், அதுவும் உறையவில்லை. இத்தாலிக் கடையில் சீஸ் மேடை காலி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

நாலு மணிக்கு வெளியே கசமுசா என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், வாழை மரத்தில் ஒன்றைப் பாதி தின்றுவிட்டு செல்லி நிற்கிறது. செல்லி என்பது அக்காவின் நாலு எருமைகளில் மூத்தது. பக்கத்தில் அதன் கன்று. கன்றின் கயிற்றைப் பிடித்தபடி பொன்னி அக்கா, கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில். மாசி வெயிலில் கிரிவலப் பாதை வழியே மத்தியானமே கிளம்பி நடந்து வந்திருக்கிறார்.

“அருள்ராஜ் சார் எங்க?” என்றார். அருள்ராஜ் வந்தார். “சார், இது என் மாடு. இது என் கை. இது ஒங்க வாளி, நீங்களே கழுவிக் குடுங்க. ஒங்க கண்ணு முன்னாலயே கறக்கறேன். இன்னா கலக்கறேன்னு பாத்துக்குங்க.”

அருள்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மார்த்தா அம்மா அதற்குள் எழுந்து வந்து, எருமையைக் கண்டதும் முகம் மலர்ந்து, தானே வாளியைக் கழுவிக்கொண்டு வந்தார். பாம்பின் கால் பாம்பறியும் என்பது சும்மா இல்லை.

கன்றை விட்டு ஊட்டி, அக்கா குந்தி உட்கார்ந்து மடியைத் தொட்டார். ஒரு சொட்டு வரவில்லை. சுற்றிலும் ஐம்பது பேர், ஆளாளுக்குக் கையில் செல்போன், ஸ்பீக்கரில் ஒருவர் நெஞ்சு வெடிக்கப் பாடுகிறார். செல்லி பாலை அடக்கிக்கொண்டது.

“பாட்டை நிறுத்தச் சொல்லு வளவா. மாடு மெரளுது” என்றார் அக்கா. பாட்டுப் பெட்டியை எங்கே தேடுவது? மெயின் சுவிட்சையே கீழே இழுத்துவிட்டேன். கூடம் முழுக்க நின்றது: பாட்டு, விளக்கு, மிஷின், ஏசி. அந்த அமைதியில் அக்கா எருமையிடம் பேச ஆரம்பித்தார். “ஒண்ணும் இல்லடி செல்லி. இந்த சாருக்கு நம்ம மேல சந்தேகமாம். நீ சோடா குடிச்சுட்டு வந்தியான்னு கேக்கறாரு. இல்லைன்னு காட்டுடி என் ராசாத்தி.” அருள்ராஜ் வாழை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்புறம் வாளியில் சர்ரென்று முதல் பீச்சு விழுந்தது. ஐம்பது பேரும் மூச்சு விட்டார்கள்.

நுரை அடங்கிய பிறகு பார்த்தால் நாலு லிட்டர் இருந்தது. நான் மெயின் சுவிட்சை மறுபடி மேலே தள்ளினேன். மார்த்தா அம்மா அதை வெதுவெதுப்பாக்கி, எலுமிச்சைச் சாறும் உறைமருந்தும் விட்டு மூடினார். ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அந்த ஒரு மணி நேரத்தை அக்கா எப்படித் தாங்குவார் என்று எனக்குத் தெரியவில்லை. “வாக்கா, கடையைச் சுத்திப் பாக்கலாம்” என்று அழைத்தேன். கை கால் கழுவி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்து அங்கே அதுதான் முறை போலிருக்கிறது என்று பின்னால் வந்த நாலைந்து பேரும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் கோயில் மாதிரி செருப்புக் குவியல்.

பெரிய பீப்பாயில் ஊறிய ஆலிவ் காய் ஒன்றைச் சாப்பிடக் கொடுத்தார்கள். “உப்புல போட்ட வேப்பம்பழம்” என்றார். டப்பாவில் அடைத்த தக்காளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நம்மூர்ல கூடை கூடையா ரோட்டுல கொட்றான், இவங்க கப்பல்ல ஏத்திக்கினு வராங்க” என்றார். பாஸ்தா அலமாரி மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. சங்கு, குழாய், வில்லு, சுருள் என்று இருபது வகை. “எல்லாம் ஒரே மாவு தானே? பொம்பளைங்க வேலை. பொழுது போகாம புள்ளைங்களுக்கு விதவிதமா செஞ்சிருக்காங்க” என்றார். காப்பி வந்தது. “சாமிக்குப் படைக்கற அளவுக்கு ஊத்தியிருக்காங்க” என்று ஒரே வாயில் குடித்து, முகத்தைச் சுளித்து, இன்னொன்று கேட்டார். ஆனால் எந்த மேடையில் நின்றாலும் கண் மட்டும் மூடி வைத்த அந்தப் பாத்திரத்தின் மேலேயே இருந்தது.

மார்த்தா அம்மா மூடியைத் திறந்து கத்தியை விட்டார். கத்தி போன இடம் கேக் மாதிரி பிளந்தது. உறைந்திருந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடியில் ரத்தம் கட்டிவிட்டது. உறைந்ததை வெட்டி, நீரை வடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மார்த்தா அம்மா இழுத்தார். ஜவ்வு மிட்டாய் போல நீண்டுகொண்டே போனது. “பொன்னி, நீ இழு” என்றார். முப்பது வருஷம் பால் கறந்த கை, சூடு தெரியவில்லை. அக்கா இழுத்து, மடித்து, உருட்டிக் கொழுக்கட்டை மாதிரி ஒன்றைச் செய்து வைத்தார். கூடம் கை தட்டியது. ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்து, “உப்பு கம்மி” என்றார்.

அருள்ராஜ் முன்னால் வந்தார். நல்ல மனுஷன்தான், முகமே சொன்னது. “பால் சுத்தம்தாங்க. ஒத்துக்கறேன். ஆனா அந்த நாலு நாள் ஏன் ஒறையல? அதான் எனக்குப் புரியல.”

அக்கா அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஜெயித்தாகிவிட்டது. வெயில், ஆட்டோ, கேன் என்று எதன் மேலாவது பழி போட்டிருக்கலாம். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“முதல் நாள் பச்சையா குடுத்தேன். அப்புறம் இங்க பாலைக் காய்ச்சறதே இல்லைன்னு கேள்விப்பட்டேன். பச்சைப் பாலை அப்படியே தின்னா ஊரு விட்டு ஊரு வந்த ஜனங்களுக்கு வயித்துக்கு இன்னா ஆவும்? அதான் நாலு நாளும் மூணு மணிக்கே எழுந்து, பொங்கப் பொங்கக் காய்ச்சி, ஆடை படியாம கிளறிக்கினே ஆற வச்சுக் குடுத்தேன். நான் கலந்தது அவ்ளோதான்.”

மார்த்தா அம்மா முகத்தில் கை வைத்துச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டார். “காய்ச்சினா தயிர் வரும். இது வராது. யாரும் உனக்குச் சொல்லல. தப்பு எங்களுது” என்றார்.

காய்ச்சுவதில்லை என்று யாரிடம் கேள்விப்பட்டார் என்பதை அக்கா சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. முதன்முதலாகப் பால் கொடுத்த அன்று சாயங்காலம், இத்தாலிக்காரர் வேலையெல்லாம் எனக்கு அத்துப்படி என்கிற திமிரில், “அவங்க பாலைக் காய்ச்சவே மாட்டாங்க அக்கா” என்று அவர் வாசலில் நின்று அளந்தது நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். கையைத் தூக்கி, “சொன்னது நான்தாங்க” என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், முதன்முறையாக அவர் வாயாலேயே எருமை என்று வந்துவிடுமோ என்று தோன்றியது. வரவில்லை.

அருள்ராஜ் மன்னிப்புக் கேட்டார். “இங்க கேட்டு இன்னா பிரயோஜனம் சார்?” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. “எங்க ஊர்ல, ராஜம்மா கடையில, ஒம்போது பேரு முன்னால சொன்னீங்க. எனக்கு அந்த ஊர்லதான் பொழப்பு.”

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அருள்ராஜ் ஸ்கூட்டர் எங்கள் ஊருக்குள் வந்தது. அதே டீக்கடை வாசல். பால் வாங்க வந்தவர்கள் சொம்புகளோடு நின்றிருந்தார்கள், நானும் நின்றிருந்தேன். அக்கா கேன் பக்கத்தில் அளவு குவளையோடு விறைப்பாக நின்றார். அருள்ராஜ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“முந்தாநாள் நான் பேசினது தப்புங்க. பொன்னி அக்கா பால்ல எதுவும் கலக்கல. எல்லாருக்கும் தெரியணும்னுதான் வந்தேன்.”

 ராஜம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். “இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த? அது எங்களுக்குத் தெரியாதா? நீ சொல்லிட்டுப் போன அன்னிக்கும் அவ பால்லதான் டீ போட்டேன். நேத்தும் போட்டேன். ஒரு சொம்பு கொறஞ்சுதா, நீயே அவளைக் கேளு.”

பொன்னி அக்கா வரிசையைப் பார்த்தார். எல்லா வீட்டுச் சொம்பும் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. ரெண்டு நாளாக அவர் தலை நிமிராமலே பால் அளந்திருக்கிறார், யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அதனால் இது அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அவர் குவளையைக் கேன் மேல் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடிக்கும் வரை நாங்கள் எல்லோரும் சொம்புகளோடு நின்றுகொண்டிருந்தோம்.