பதினொரு ஹலோ

1989 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, மாலை நாலு பத்து, மலைமேல் தூறல். என் வீட்டு மாடி அறையில் ஒரு மாதம் குடியிருந்தவர் என் டெலிபோன் கம்பியைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார். ஒல்லியானவர், யாரையும் நேராகப் பார்க்கமாட்டார். பம்பாயில் பலரும் செய்தி எழுதிவைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்ததாம். அதற்கு லைன் கிடைக்கும்வரை அவருடைய புரோகிராம் தானே திரும்பத் திரும்ப டயல் செய்யும். அதுவரை கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கிற மோடம் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பார்.

“உங்க பையனும் பம்பாய்தானே சார்? நம்பர் சொல்லுங்க. கிடைக்கிற வரைக்கும் இது விடாது.”

நாலு வருடமாக என்னோடு பேசாத மகன். நம்பரைச் சொன்னேன். ஏழாவது டயலில் பெட்டிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது: “ஹலோ?”

“ரிசீவர எடுங்க சார்! பெட்டியில அவர் பேசறது கேக்கும், நாம பேசறது அவருக்குப் போகாது.”

என் கை எழவில்லை. அவன் வைத்துவிட்டான். புரோகிராம் மறுபடி டயல் செய்தது. “ஹலோ? யாருங்க?”

“நிறுத்திடட்டுமா சார்?”

“இருக்கட்டும்ங்க.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பதினொரு முறை ஹலோ சொன்ன மகன் அப்புறம் எடுக்கவில்லை.

அறையைக் காலி செய்தபோது அவர் டெலிபோன் செலவு முழுவதையும் நீட்டினார். அந்தப் பதினொன்றுக்கு மட்டும் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்: பதினேழு ரூபாய் அறுபது காசு.