சந்தனம் அடைத்த துவாரம்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கும் மெசினின் அடுப்புக்கு விறகு போடுவது அழகனின் வேலை. சனிக்கிழமைகளில் இன்னொரு வேலையும் உண்டு. சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும்.

அது ஒரு சிவப்புக் கூம்பு. அடியில் பித்தளைக் குமிழ். நுனியில் பித்தளை வளையம், அதன் நடுவே மிளகளவு துவாரம். அழகன் தேய்த்துவிட்டால் அதில் முகம் பார்க்கலாம்.

"என்னண்ணே, செவப்புச் சாமிக்கு அபிசேகம் முடிஞ்சிருச்சா?" என்பான் கூட வேலை செய்யும் வீரய்யா.

"முடிஞ்சிருச்சு. நீயும் வந்து நில்லு. அதைவிட ஒம்மேலதான் அழுக்குக் கூட."

சரஸ்வதி பூசையன்று தொழிற்சாலை மெசின்களுக்கெல்லாம் பொட்டு வைப்பார்கள். சிவப்புக் கூம்புக்கு வைப்பவள் ராக்காயி. அழகனின் மனைவி; அங்கேயே தேயிலையில் குச்சி பொறுக்குகிறவள். புருசன் துடைக்கிற பொருள் என்பதால் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே எடுப்பாள். வட்டமான அந்த வளையத்தைப் பார்த்தால் பொட்டு வைக்கவே செய்தது போலிருக்கும். ஐந்து வருடமாக அந்த வளையத்துக்குள்ளேதான் வைத்தாள். சனிக்கிழமைத் துணி மேலே இருந்ததை வழித்தது. உள்ளே போனது உள்ளேயே காய்ந்தது.

கருவியின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. ஆண்டுக்கொரு முறை திறந்து பழைய சோடாத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், துவாரத்தைக் குத்திப் பார்க்க வேண்டும், புதிதாக நிரப்ப வேண்டும் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஞானரட்ணம் ஒவ்வோர் ஆண்டும் அதில் கையெழுத்திட்டார். ஒருமுறையும் திறக்கவில்லை. அடுப்பெதிரே நிற்பவனுக்குத் தெரியாத மொழியில் நெருப்பை அணைக்கும் வழியை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் படித்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குப் பளபளப்பு போதும். தொழிலாளிக்குப் பொட்டு போதும். இரண்டு பூசைக்கும் நடுவில் அந்தக் கருவி சும்மா தொங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, பூசை முடிந்த மூன்றாம் வாரம், ஒரு முற்பகல். மெசினுக்குப் பின்சுவரில் படிந்திருந்த தேயிலைத் தூசியில் பொறி விழுந்து தீ ஏறியது. அடுத்த அறையில் ராக்காயியும் இருபது பெண்களும் இருந்தார்கள். அழகன் கூம்பைப் பாய்ந்து எடுத்தார். பக்கவாட்டில் வரைந்திருந்த படத்தில் ஒருவன் செய்வதுபோலவே குமிழைத் தரையில் மோதினார். உள்ளே அமிலக் குப்பி உடைந்து, சோடாத் தண்ணீர் கரகரவென்று நுரைத்தது. வெளியே ஒரு சொட்டும் வரவில்லை. கூம்பு கையில் நடுங்கத் தொடங்கியது. ஏதோ தப்பென்று உணர்ந்து வாசலுக்கு ஓடி, வெளியே மழைநீர் ஓடும் கானில் எறிந்தார். அங்கே அது மூட்டு பிளந்து வெடித்தது.

திரும்பி வந்து, ஈரச்சாக்கால் சுவரை அடித்தார். வீரய்யா வாளி வாளியாக மணலை வீசினான். தீ அடங்கியபோது அழகனின் வலது கைத்தோல் உரிந்து தொங்கியது.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் விசாரணை. உடைந்த கூம்பை மேசைமேல் வைத்திருந்தார்கள். துவாரத்தில் சந்தனம் கல்லாக இருந்தது.

"பொட்டு யாரு போட்டான்?" என்றார் துரை, தோட்டத்தில் கற்ற தமிழில்.

அழகனுக்குத் தெரியும், பதிலுக்குக் கிடைப்பது வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு கிடைத்தால் வேலையோடு குடியிருக்கும் லயக் காம்பராவும் போய்விடும். நாற்பத்தெட்டில் குடியுரிமை பறிபோன பிறகு இந்த நாடு அவரைத் தன் ஆளென்று சொல்லவில்லை. கடலுக்கு அப்பால் இருந்த நாடும் சொல்லவில்லை. எங்கே போவது?

"நான்தாங்க தொரை," என்றார்.

"இல்லைங்க." கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராக்காயி வந்தாள். "நான்தாங்க வச்சேன். அந்த மனுசனுக்குப் பொட்டு வைக்கவே வராதுங்க."

"நீ சும்மா இரு புள்ள."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? அது எதுக்குத் தொங்குதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலைங்க. நம்ம டீமேக்கர் ஐயா வருசா வருசம் பாத்து அட்டையில எழுதுறாரு. படிச்சவரு, அவருக்கே தெரியாமப் போயிருச்சு போலங்க."

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். துரை அட்டையைத் திருப்பினார். ஐந்து கையெழுத்துகள். ஞானரட்ணத்தின் காது சிவந்தது. அழகனை விரட்டினால் அட்டைக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் கொழும்புக் கம்பனி வரை போகும். துரை எழுந்து உள்ளே போனார். பத்துச்சீட்டு எழுதப்படவில்லை. புண்ணான கைக்கு இரண்டு வாரம் சம்பளமில்லா ஓய்வு மட்டும் கிடைத்தது.

அந்த இரண்டு வாரமும் ராக்காயி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

"பொட்டு வைக்கத் தெரியாத மனுசனாம்," என்று அவர் முனகுவார்.

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க," என்பாள். அடுத்த கவளத்துக்கு அவளே திறக்கச் சொல்வாள்.

புதுக் கருவி வந்த அன்று ஞானரட்ணம் எல்லோரையும் கூப்பிட்டு, அட்டையைத் தமிழில் வாசித்தார். குரல் கொஞ்சம் தடுமாறியது. மறுமுறையும் வாசிக்கச் சொன்னார் அழகன். வாசித்தார்.

அதிலிருந்து ஆண்டுதோறும் அதைத் திறப்பவர் அழகனே. பழைய கரைசலைக் கொட்டுவார். வெதுவெதுப்பான நீரில் சோடாவைக் கட்டியில்லாமல் கலக்கிக் கோடு வரை ஊற்றுவார். புதுக் குப்பியை வைத்து மூடுவார். அதற்கு முன்னால் வலது கையை நீட்டுவார். ராக்காயி தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றித் தருவாள். அதை நிமிர்த்தித் துவாரத்தில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

"தெரியுதா?"

"நீ தெரியுற."

பூசைக்கு அவள் இன்னும் சந்தனம் கொண்டு வருகிறாள். பொட்டு இப்போது கருவி தொங்கும் ஆணிக்கு மேலே, சுவரில். அதிலொன்றும் அடைபடாது என்பதால் அழகன் தடுப்பதில்லை.