ஒரு ஸ்காலர்ஷிப், இரண்டு கிக்கர்கள்: டெக்சஸில் ஒன்றரை நாள்

கடந்த ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேர் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து டெக்சஸ் கிளம்பினோம். நான், என் கணவர் செந்தில், பதினோராம் வகுப்பு முடித்திருந்த எங்கள் ஒரே பையன் கவின். சுற்றுலா இல்லை. கவினுக்கு ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொன்ன கல்லூரியை நேரில் பார்க்கப் போனோம். நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கம் அதிகம் போவதில்லை என்பதால் எனக்கு வழிகாட்ட யாரும் இருக்கவில்லை. அடுத்து போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். கவின் ஆடுவது அமெரிக்க ஃபுட்பால், தலைக்கவசம் போட்டு முட்டி மோதுவது. ஆனால் இவன் யாரையும் முட்டுவதில்லை. இவன் கிக்கர். ஆட்டம் முழுக்க ஓரமாக நிற்பான், கூப்பிட்டால் ஓடிப் போய் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துவிட்டு வருவான். எட்டு வருடம் சாக்கர் ஆடிய கால். ஒரு கல்லூரி அணிக்கு ஒரு நல்ல கிக்கர் போதும், ஸ்காலர்ஷிப்பும் பெரும்பாலும் ஒருவருக்குத்தான்.

பிப்ரவரியில் டெக்சஸ் கோச் போன் செய்து முழு ஸ்காலர்ஷிப் என்றார். கவின் சரி என்றான். இதைத்தான் கமிட் ஆவது என்கிறார்கள். ஆனால் டிசம்பரில் கையெழுத்துப் போடும்வரை இரண்டு பக்கமும் வெறும் வாய்வார்த்தைதான். இது எனக்குத் தெரியாது. வாக்கு கொடுத்தாகிவிட்டது என்று நான் தமிழ்ச் சங்கம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

மே மாதம் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் ஒரு பெரிய கல்லூரியின் கோச் கூப்பிட்டார். எங்கள் தவறு இங்கேதான் ஆரம்பம். செந்திலுக்கு கோபிச்செட்டிபாளையம். யாரையும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன் என்பார், போகமாட்டார். எங்கள் பக்கத்தில் அது மரியாதை. அதே மரியாதையில் இந்தக் கோச்சிடமும் ரொம்ப சந்தோஷம், கட்டாயம் வருகிறோம் என்று சொல்லிவிட்டார். அவர் நிஜமாகவே நாள் குறித்துவிட்டார். டெக்சஸ் பயணம் முடிந்து அடுத்த சனிக்கிழமை. அங்கேயே மில்பிடாஸில் இருக்கும் என் தம்பி அன்றைக்குப் பிரியாணிக்கே சொல்லி வைத்துவிட்டான்.

"ஏங்க, தட்டு மாத்தினப்புறம் இன்னொரு எடத்துல பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

"சும்மா பாத்துட்டு வரலாம் சாந்தி. பெரிய காலேஜ். வேண்டாம்னு மொகத்துல அடிச்ச மாதிரி சொல்றதா?" என்றார். எனக்கும் உள்ளூர ஆசை இருந்ததால் அதற்கு மேல் நான் பேசவில்லை. கவின் இரண்டையும் கேட்டுக்கொண்டு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான்.

இனி பயணம். வீட்டிலிருந்து நூவர்க் விமான நிலையம் 20 மைல், அரை மணி நேரம். காலை 8:05 விமானம், ஹூஸ்டனில் அவர்கள் நேரப்படி 11:10. டிக்கெட் ஒருவருக்கு 238 டாலர், இரண்டு மாதம் முன்பே எடுத்தது. கல்லூரி செலவு செய்து அழைக்கும் பயணம் வேறு, இது நாமே நம் செலவில் போய்ப் பார்ப்பது. வாடகைக் காருக்கு வரிசை நாற்பது நிமிடம். பிறகு நேரே நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஹில்க்ராஃப்ட் தெரு. மகாத்மா காந்தி மாவட்டம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டில் வாழ்கிற எங்களுக்கு அங்கே வாய் பிளக்க ஒன்றும் இல்லை, ஆனால் பார்க்கிங் சுலபமாகக் கிடைக்கிறது. அதற்கே ஹூஸ்டன்காரர்கள் மேல் பொறாமை வந்தது. மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம், 52 டாலர். சாம்பார் கொஞ்சம் இனிப்பு.

2:15க்குக் கிளம்பி 140 மைல். பாதி வழிக்கு மேல் ஊரே இல்லை. வேக வரம்பு 75, எல்லாரும் 85இல் போகிறார்கள். வெளியே 101 டிகிரி. வழியில் வரும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கழிப்பறை அவ்வளவு சுத்தம், தயங்காமல் நிறுத்துங்கள். ஐந்து மணிக்குக் கல்லூரி ஊரை அடைந்தோம். சின்ன ஊர், ஒரே ஒரு பெரிய தெரு. கவின் மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "மாம், ஐ லைக் இட் ஹியர்" என்றான். அவன் இப்படி ஒரு முழு வாக்கியம் பேசி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு கிக்கர்களுக்கு ஒரு பயிற்சி முகாம். ஏழு மணிக்கு ஹோட்டலில் வாஃபிள் சுடும் மிஷினை எப்படித் திருப்புவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து திருப்பிக் காட்டினார். பெயர் டெனிஸ். டெக்சஸின் கிழக்குக் கோடியிலிருந்து பையன் ஜேலனை அழைத்து வந்திருந்தார். நர்ஸ் வேலை, பையனை வளர்ப்பது அவர் ஒருவர்தான். ஜேலனும் கிக்கர். நான் வழக்கம்போல் ஊர், பேர், வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, எந்தக் கல்லூரி என்று கேட்டேன்.

"இதேதான். பிப்ரவரியிலிருந்து கோச் காத்திருக்கச் சொல்கிறார். உங்கள் பையனுக்கு ஒரு வழி செய்கிறேன் என்கிறார். வேறு எங்கும் நாங்கள் போய்ப் பார்க்கவில்லை" என்றார்.

என் தட்டில் வாஃபிள் அப்படியே இருந்தது. இருப்பது ஒரே ஒரு ஸ்காலர்ஷிப். அது கவினுக்கு என்று அதே பிப்ரவரியில் சொன்னவரும் இதே கோச்தான். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி இரண்டு பையன்கள் மேல் இந்த ஆள் துண்டு போட்டு வைத்திருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. டெனிஸிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பதே உண்மை.

காரில் ஏறியதும் கொட்டித் தீர்த்தேன். செந்தில் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"பாத்தியா? அவிங்களே ரெண்டு பசங்கள வெச்சிருக்காங்க. நாம ரெண்டு காலேஜ் வெச்சிருந்தா மட்டும் குத்தமா?"

பின் சீட்டிலிருந்து கவின் மெதுவாகக் கேட்டான். "அப்பா, தென் வாட் இஸ் ஜேலன் வெயிட்டிங் ஃபார்?"

செந்தில் காரைக் கிளப்பினார்.

முகாம் பதினொரு மணிக்கு முடிந்தது. கவின் பத்தில் ஒன்பது போட்டான், ஜேலனும் பத்தில் ஒன்பது. முடிந்ததும் கோச் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், தொப்பியைக் கழற்றவே மாட்டார் போல. சண்டை போட நான் வாக்கியங்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"அடுத்த சனிக்கிழமை நீங்கள் கலிஃபோர்னியா போகிறீர்கள், இல்லையா?" கோச்சுகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் கோபப்படவில்லை. டிசம்பரில் கவின் போய்விட்டால் எனக்கு கிக்கர் வேண்டும். அதனால்தான் இன்னொரு பையனைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லவில்லை. அது என் தப்புதான்."

அந்த ஆளைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று வந்தவள், அவர் செய்த அதே வேலையைத்தான் நாங்களும் செய்திருக்கிறோம் என்று உட்கார்ந்த இடத்தில் தெரிந்துகொண்டேன். மே மாதத்திலிருந்து டெனிஸைக் காத்திருக்க வைத்ததில் எங்களுக்கும் பங்கு இருந்தது.

கவின் பேசினான். கலிஃபோர்னியா போகவில்லை என்றான். பிப்ரவரியில் சரி என்று சொன்னதும் இங்கேதான், மனசுக்குப் பிடித்ததும் இங்கேதான் என்றான். பிறகு, "ஜேலனிடம் இன்றே சொல்லிவிடுங்கள் கோச்" என்றான்.

"திங்கட்கிழமை போன் செய்கிறேன்."

"அவர்கள் இப்போது கீழே பார்க்கிங்கில் இருக்கிறார்கள்."

கோச் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு எழுந்து படியிறங்கிப் போனார். பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. பதினேழு வயதுப் பையனை அங்கே வைத்துக் கட்டிக்கொண்டால் நம்மை மன்னிக்கமாட்டான் என்பதால் தண்ணீர் குடித்தேன்.

அடுத்தது செந்திலின் முறை. மைதானத்து ஓரம் ஒரு மர நிழலில் நின்று பே ஏரியா கோச்சுக்குப் போன் போட்டார். முதல் மூன்று நிமிடம் நன்றி, மன்னிப்பு, உடல்நலம், வெயில். கவின் எதிரில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "சார், ஹி இஸ் நாட் கமிங்" என்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பதில் நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

"என்னங்க சொன்னாரு?"

"தேங்க்ஸ்னாரு. இன்னைக்கே இன்னொரு பையனக் கூப்பிட்டுக்கிறேன்னாரு. இவ்வளவுதானா!" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பார்க்கிங்கில் டெனிஸ் எங்கள் காரை நோக்கி வந்தார். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். காலையில் தெரிந்தும் சொல்லவில்லை, மன்னியுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஜேலன் காரில் அழுகிறான். பரவாயில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் நாலு மாதமாக இடம் இல்லை என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இன்றுதான் சொன்னார்கள்."

லூசியானாவில் ஒரு சின்னக் கல்லூரி ஜேலனை இரண்டு முறை கூப்பிட்டதாம். இங்கே காத்திருந்ததால் பதிலே போடவில்லையாம். நாளைக்கு அங்கே முகாம், நாலரை மணி நேர ஓட்டம். வெயில் தாழப் போகலாமே, எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போங்களேன் என்றேன். வேண்டாம், இப்போதே கிளம்பினால்தான் பையன் ராத்திரி தூங்க முடியும் என்றார். கவின் போய் ஜேலனின் ஜன்னலைத் தட்டினான். இரண்டும் என்ன பேசினவோ, தெரியாது. 12:20க்கு அவர்கள் கார் போனது.

நாங்கள் ஒரு மணிக்குக் கிளம்பி, மாலை 5:50 விமானத்தைப் பிடித்தோம். வழி முழுக்க கவின் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் டிசம்பரும் இன்னும் வாய்வார்த்தைதான். கோச் வேறு வேலைக்குப் போகலாம், மனம் மாறலாம். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வீடு திரும்பியபோது நான் சந்தோஷமாக இருந்தேன், இன்றைக்கும் இருக்கிறேன். தம்பிதான் பிரியாணிக் கோபத்தில் ஒரு வாரம் பேசவில்லை. ஏற்கெனவே எடுத்திருந்த கலிஃபோர்னியா டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது, வேறு பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள்.

போகிறவர்களுக்கு: ஜூனில் டெக்சஸ் போனால் தொப்பியும் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் காரில் இருக்கட்டும். ஹோட்டல் கல்லூரிக்கு இரண்டு மைலுக்குள் கிடைத்தது, 129 டாலர், முகாம் நாட்களில் சீக்கிரம் நிரம்பிவிடும். காலைச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோகாமல் கீழே உட்கார்ந்து சாப்பிடுங்கள், மற்ற அம்மாக்கள் அங்கேதான் இருப்பார்கள். கோச்சிடம் மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த இடத்துக்கு எத்தனை பேரிடம் பேசியிருக்கிறீர்கள், எங்கள் பையன் இன்று சரி என்றால் மற்றவர்களிடம் எப்போது சொல்வீர்கள், நீங்கள் போய்விட்டால் இந்த ஸ்காலர்ஷிப் என்னவாகும். பதில் மழுப்பலாக வந்தால் மழுப்பல் என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டாத கல்லூரிக்கு வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முகம் கோணுமே என்று தயங்காதீர்கள், கோச்சின் முகம் அரை நிமிடத்தில் சரியாகிவிடும். நீங்கள் சொல்லாத அந்த ஒரு வார்த்தைக்காக எங்கோ ஒரு வீட்டில் ஒரு பையன் வேறு எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறான்.