கறுப்பு ஏலுக்கு நான் சொன்ன "வேண்டாம்"

1. முதல் இலையுதிர்காலம்

சுவிஸில், சூக் நகரின் ஏரிக்கரையோரம் இருக்கும் ஓர் ஆங்கிலேயப் பாணி பப்பில் நான் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தது ஓர் ஒக்ரோபரில். சேர்ந்த அன்றே, கடை திறக்க முதல், செஃப் உர்ஸ் எல்லாரையும் பாருக்கு முன்னால் கூப்பிட்டார்; முதலாளியைத்தான் அங்கே செஃப் என்பார்கள். இலையுதிர்காலத்துக்கென்று இங்கிலாந்தில் இருந்து கறுப்பு ஏல் வந்திருந்தது. ஏல் என்பது பியரில் ஒரு வகை. இது கோப்பி நிறம். ஐஸ் போலக் குளிராக்கக் கூடாது, நிலவறைக் குளிரிலேயே கைப்பம்பால் இழுத்து ஊற்ற வேண்டும். சுவிஸ்காரர் முதல் வாயிலேயே "பியர் குளிரில்லை" என்று முறைப்பாடு சொல்வார்கள். அதனால் பரிமாறுகிறவர்கள் ருசி தெரிந்து விளக்க வேண்டும் என்பது செஃப் போட்ட சட்டம். அந்த ருசிபார்ப்பை அங்கே சுருக்கமாக டெகு என்பார்கள்.

செஃப் ஒரு சின்னக் கிளாஸை என் பக்கம் நகர்த்தி, "மலர், உனக்கும்?" என்றார்.

"நைன், டாங்கெ," என்றேன். வேண்டாம், நன்றி.

உண்மையில் எனக்கு வேண்டும். ஆனால் ஒருவர் ஒன்றைத் தரும்போது உடனே கையை நீட்டுவது எங்கள் ஆட்களிடம் இல்லை. முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்போம். மூன்றாம் தரம் "சரி, கொஞ்சமாத் தாங்கோ" என்று வாங்குவோம். தருகிறவருக்கும் இது தெரியும், அவரும் விடாமல் கேட்பார். செஃப் தலையை ஆட்டிவிட்டு அந்தக் கிளாஸைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். நான் இரண்டாம் தரத்துக்காகக் காத்து நின்றேன். அது வரவேயில்லை.

அடுத்த வருடம் முதல் தரமும் வரவில்லை. மலர் குடிக்க மாட்டாள் என்று கடையில் முடிவாகிவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு இலையுதிர்காலமும், மான் இறைச்சிச் சாப்பாடு தொடங்கும் நேரத்தில், அவர்கள் ருசி பார்ப்பார்கள், நான் கிளாஸ் துடைப்பேன். சமையலறையில் மதன் அண்ணை இருந்தார். எந்த ஏலைக் குடித்தாலும் "நல்லாயிருக்கு" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவர் வாயில் இருந்து வராது. அந்த வாய்க்குக் கொடுக்கிறார்கள், எனக்கில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"அண்ணை, எனக்கும் ஒரு கிளாஸ் தரச் சொல்லிச் செஃபிட்டச் சொல்லுங்கோவன்."

"நீர்தானே வேண்டாம் எண்டனீர்?"

"அது சும்மா சொன்னது."

"சும்மா சொன்னதெண்டு ஜேர்மன்ல என்னெண்டு சொல்லுறது?" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

2. தர்சிகா

போன வருடம் செப்ரெம்பரில் தர்சிகா வந்தாள். பேர்னுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை, ஹோட்டல் வேலை முறைப்படி படித்தவள். முதல் நாள் வேறொரு கறுப்புப் பியருக்கு டெகு நடந்தது. செஃப் "உனக்கும்?" என்று கேட்டு முடிக்கவில்லை, "யா, கேர்ன்!", ஓம், விருப்பத்தோடு, என்று கையை நீட்டிவிட்டாள். எனக்குத் திக்கென்றது. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தாள், மணந்தாள், குடித்தாள்.

"வறுத்த கொட்டை, கறுப்புச் சொக்கலேட், கடைசியில கொஞ்சம் புகை," என்றாள்.

செஃபின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் அந்தக் கடையில் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த வாரமே அறிவித்தார். இங்கிலாந்தில் இருந்து இரண்டு மாதிரிகள் வரும், இந்தப் பருவத்து ஏலைத் தர்சிகா தெரிவுசெய்வாள், வாடிக்கையாளர் மாலையில் முன்னால் நின்று விளக்குவதும் அவள்தான்.

நான் ஆசைப்பட்டது அந்த இடத்துக்கு. இதற்கு வேறு மரியாதையான பெயர் வைக்க மாட்டேன், பொறாமைதான். அவளுடைய ஜேர்மனைப் பார்த்துப் பொறாமை. வழமையான ஆட்கள் என் மேசையில் இருந்துகொண்டு "தர்சிகா எங்கே?" என்று கேட்பதில் பொறாமை. அவர்களுக்கு முன்னால் என்னை "அன்ரி" என்று வேறு கூப்பிடுவாள். ஒருநாளைக்காவது தட்டைக் கீழே போட மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போடவேயில்லை, அதுவும் எரிச்சல்.

எல்லாவற்றையும்விட வயிறு எரிந்தது ஒன்றுக்குத்தான். இத்தனை இலையுதிர்காலம் அந்தப் பம்பை இழுத்தவள் நான். "எப்படி இருக்கும்?" என்று யாராவது கேட்டால் மற்றவர்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வேன். நான் ஊற்றுவதன் ருசி எனக்குத் தெரியாது.

3. இன்னும் இரண்டு தரம்

மாதிரிகள் வந்த நாள் ஏரியில் ஒரே பனிப்புகார். "எனக்கும் ருசி பார்க்க வேணும்" என்று ஜேர்மனில் ரயில் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். செஃப் கிளாஸ்களை அடுக்கும்போது போய்ச் சொல்லியும்விட்டேன்.

அவர் கையில் கிளாஸோடு என் பக்கம் திரும்பினார். "நீயோ? நீ குடிக்கிறேல்லை எண்டெல்லோ நினைச்சன். உங்கட சமயத்தில குடிக்கக் கூடாதாக்கும் எண்டு நான் கேக்கிறதையே விட்டிட்டன். இந்தா, வேணுமோ?"

"இல்லை, பரவாயில்லை, மற்ற ஆக்கள் பார்க்கட்டும்," என்றது என் வாய்.

நானே அதிர்ந்துபோனேன். செஃப் குழம்பிப்போய்க் கிளாஸைத் திருப்பி எடுத்தார். தர்சிகா அவர் கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ செஃப். அன்ரி வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இன்னும் ரெண்டு தரம் கேக்க வேணும். என்ர அம்மாவும் இப்பிடித்தான்."

செஃப் பாஸ்போட் சோதிக்கும் அதிகாரிபோல முகத்தை வைத்துக்கொண்டார். "மலர், வேணுமோ?"

"உங்களுக்கு ஏன் கரைச்சல்..."

"மலர், வேணுமோ?"

"சரி, கொஞ்சமாத் தாங்கோ."

சமையலறை வாசலில் மதன் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அந்தக் கிளாஸை வாங்கித் தந்தவள் தர்சிகா என்பதில் இன்னும் எரிந்தது. அவளுக்குச் சுவிஸ் முறையும் தெரியும், எங்கட முறையும் தெரியும். ஒரு பிள்ளைக்கு எல்லாமே கிடைத்தால் மற்றவள் என்ன செய்வது?

குடித்தேன். முதலாவது தடிப்பு, இனிப்பு, அடிப்பிடித்த பாயாசம் மாதிரி ஒரு மணம். அப்படியே சொன்னேன், செஃப் விழுந்து விழுந்து சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. இரண்டாவது மெல்லிசு, நல்ல கைப்பு, விழுங்கியதும் நாக்கு காய்ந்து இன்னொரு மிடறு கேட்டது.

"ரெண்டாவது," என்றேன்.

"முதலாவது," என்றாள் தர்சிகா. "உங்கட ரெண்டாவது மான் இறைச்சியின்ர சோஸுக்கு நிண்டு பிடிக்காது அன்ரி."

"பிள்ளை, உம்மட ஏல் அரைக் கிளாஸோட திகட்டும். சனம் ரெண்டாவது கிளாஸ் கேக்காது."

"கேக்கும்."

"கேக்காது."

செஃப் இரண்டையும் திரும்பக் குடித்துப் பார்த்துவிட்டு அவளுடையதையே எடுத்தார். வாடிக்கையாளர் மாலையில் அவள் முன்னால் நின்று விளக்கினாள். சனம் இரண்டாவது கிளாஸும் கேட்டது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஊற்றினேன். ஒரு மேசையில் "இது எப்படி?" என்று கேட்டபோது அடிப்பிடித்த பாயாசம் என்று நானே விளக்கம் சொன்னேன், என்னைக் கேட்டால் மற்றதைத்தான் எடுத்திருப்பேன் என்றும் சொன்னேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே ஒருமுறைதான் கேட்பார்கள். கஞ்சத்தனத்தால் இல்லை, நாங்கள் சொன்னதை அப்படியே நம்புவதால். வேண்டுமென்றால் முதல் தரமே ஓம் என்று சொல்லுங்கள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முன்பு கிளாஸ் துடைத்துக்கொண்டு பொறாமைப்பட்டேன், இப்போது அதே பாரில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பொறாமைப்படுகிறேன். இந்த வருடத்து மாதிரிகள் அடுத்த கிழமை வருகின்றன. இந்தமுறை அவள் தோற்க வேண்டும்.